பாப்பாவுக்குக் கிடைத்த இடம் பற்றி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நேற்று போனில் நீ பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது. "இடம் கிடைச்சிருக்கு, ஆனா முழுசா இல்லடி" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கம்யூனிட்டி காலேஜாம்" என்றாய். பக்கத்து அறையில் உன் பெண் பாப்பா இருந்திருப்பாள். அது அவள் காதில் விழுந்திருக்குமே என்றுதான் ராத்திரி முழுக்க எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. மறுபடி போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் அவளுக்கு வந்திருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும், இரண்டு வருடப் படிப்பு நடத்தும் கம்யூனிட்டி காலேஜான பிளின் காலேஜும் சேர்ந்து 2001 முதல் நடத்தும் திட்டம் இது. பிளின் டீம் என்பார்கள். ஏ அண்ட் எம்முக்கு விண்ணப்பித்தவர்களிலிருந்து பல்கலைக்கழகமே பார்த்துக் கூப்பிடும். நாமாக இதற்கென்று விண்ணப்பிக்க முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஏ அண்ட் எம்மில் ஒரு பாடமாவது எடுக்க வேண்டும். மற்ற பாடங்களெல்லாம் பிளினில். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று, நான்கு என்று கிரெடிட் உண்டு. பிளினில் 45 கிரெடிட், ஏ அண்ட் எம்மில் 15 கிரெடிட், இரண்டு வருடத்துக்குள் முடித்து, அவள் கேட்கும் மேஜருக்கு, அதாவது முக்கியப் பாடத்துக்கு, வேண்டிய ஜி.பி.ஏ. என்கிற சராசரி மதிப்பெண் இருந்தால் அப்படியே முழுநேர மாணவியாக மாறிவிடலாம். முதல் நாளிலிருந்தே அவள் இரண்டு இடத்திலும் மாணவிதான்.

இப்படி ஒரு வழி ஏன் இருக்கிறது என்று யோசித்துப் பார். 1997-ல் டெக்ஸஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. எந்தப் பள்ளியாக இருந்தாலும், வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று. சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கிற புறநகர்ப் பள்ளிகளில் கடைசி வகுப்பில் மொத்தம் 800 பேர் என்றால், அந்தப் பத்து சதவீதம் 80 பேர்தான். அதற்குப் பின்னால் நிற்பவர்கள் படிக்காதவர்களா? பாப்பா எப்படிப் படித்தாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நீ. அப்படிப்பட்ட பிள்ளைகளை விட்டுவிட மனமில்லாமல் ஒரு பல்கலைக்கழகம் போட்ட வழி இது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இது ஏ அண்ட் எம்மில் மட்டும் நடப்பதும் இல்லை. ஆஸ்டினில் இருக்கும் டெக்ஸஸ் பல்கலைக்கழகமும் ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜும் சேர்ந்து முதல் வருடத்துக்கு இதே மாதிரி ஒன்றை நடத்தியிருக்கின்றன. ஒரிகன் மாநிலத்திலும் உண்டு. சொல்லப்போனால் இந்த நாட்டில் கம்யூனிட்டி காலேஜ் என்பது பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தோடு கை கோத்துத்தான். 1901-ல், இல்லினாய்ஸில் ஜோலியட் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடத்தை ஊரிலேயே படிக்கட்டும் என்ற எண்ணம். முதலில் சேர்ந்தவர்கள் ஆறே பேர்.

இதெல்லாம் சரி, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்பாய். உன்னையே எடுத்துக்கொள்ளேன். நீ பி.எஸ்சி. படித்தது எங்கே? நம் ஊர்ப் பெண்கள் கல்லூரியில். உன் பட்டத்தில் இருக்கும் பெயர் என்ன? மதுரை காமராசர் பல்கலைக்கழகம். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி தேனி ரோட்டில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் மூன்று வருடத்தில் நீ ஒரே ஒரு முறை போனாய், அதுவும் ஏதோ சான்றிதழ் வாங்க, அப்பாவோடு. அதனால் நீ பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை என்று யாராவது சொன்னார்களா? பாப்பாவோ வாரத்தில் பாதி நாள் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கப் போகிறாள். முடிக்கும்போது அவள் பட்டத்தில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் என்றுதான் இருக்கும்.

நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் உனக்குத் தெரியாது அக்கா. உன்னிடம்கூடச் சொல்லாமல் மறைத்தேன். நாம் தம்பி என்று கூப்பிடும் என் மகன், ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் சேர்ந்தபோது "ஏ அண்ட் எம்" என்று மட்டும்தான் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அவனும் இதே டீம்தான். முதல் வருடம் பொங்கல் விழாவில் யாரோ ஒரு மாமா "எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவன் கேட்டான்: "அம்மா, நான் படிக்கிறது உனக்கு வெட்கமா இருக்கா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் அவன் கல்லூரியில் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை, ஒரு ஃபுட்பால் ஆட்டத்துக்கும் போகவில்லை. கேட்டால், "நான் இன்னும் முழுசா அங்க இல்லையே" என்பான். அந்த "முழுசா" என்கிற சொல்லை அவனுக்குக் கொடுத்தது நான். நேற்று நீயும் அதே சொல்லைச் சொன்னாய்.

உண்மையில் அவனுக்கு எல்லாமே இருந்தது. டீம் மாணவர்கள் ஏ அண்ட் எம் விடுதியில் தங்கலாம், விளையாட்டு பாஸ் வாங்கலாம், சங்கங்களில் சேரலாம், விரும்பினால் அங்கே புகழ்பெற்ற கேடட் படையிலும் சேரலாம். 1,02,733 பேர் உட்காரும் கைல் ஃபீல்டு ஃபுட்பால் மைதானத்தில் ஆட்டம் முழுக்க மாணவர்கள் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யார் பிளின், யார் முழுநேரம் என்று யாருக்குத் தெரியும்? வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வதுபோல "ஹவுடி" என்பார்கள். பாப்பாவும் திருப்பிச் சொன்னால் போதும்.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

ஏ அண்ட் எம்மில் எடுக்கும் அந்த ஒரு பாடம். ஒன்றுதானே என்று தம்பி நினைத்தான். மற்ற நான்கு பாடமும் பிளினில். வகுப்பும் சின்னது, ஆசிரியருக்கு இவன் பெயர் தெரியும், வீட்டுப்பாடம் தராவிட்டால் கேட்பார். ஏ அண்ட் எம்மிலோ நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் அரங்கு, வந்தாயா வரவில்லையா என்று கேட்க ஆளில்லை. பிளினில் எல்லாம் ஏ வாங்கினான், அந்த ஒன்றில் சி. நானும் போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிளினில் வாங்கும் கிரெடிட் மட்டும்தான் பல்கலைக்கழகத்துக்கு வரும், மதிப்பெண் வராது. ஏ அண்ட் எம் ஜி.பி.ஏ. கணக்கில் ஏ அண்ட் எம் பாடம் மட்டும்தான் சேரும். ஒரு கிரெடிட்டுக்கு ஏ என்றால் 4 புள்ளி, சி என்றால் 2. மூன்று கிரெடிட் சி, ஆக அவன் ஜி.பி.ஏ. சரியாக 2.0. அதற்குக் கீழே ஒரு புள்ளி இறங்கினாலும் எச்சரிக்கைப் பட்டியல். அவன் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

அடுத்த செமஸ்டர் ஆய்வகத்தோடு சேர்ந்த நான்கு கிரெடிட் அறிவியல் பாடம் எடுத்தான். வாரம் தவறாமல் பேராசிரியரின் ஆபீஸ் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தான். ஏ வந்தது. முன்பு வாங்கிய 6, இப்போது 16, ஆக ஏழு கிரெடிட்டுக்கு 22 புள்ளி. 22-ஐ ஏழால் வகுத்தால் 3.14. கணக்கில் வரும் பை-யின் மதிப்பும் அதுதானே, "பை வந்துடுச்சும்மா!" என்று கத்தினான். அந்த வருடத்தில் அவன் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆகவே பாப்பா, அந்த ஒரு பாடத்தை ஒன்று என்று எண்ணாதே. முதல் செமஸ்டரில் உன் பல்கலைக்கழகக் கணக்கு முழுவதும் அது ஒன்றுதான்.

இன்னொன்று மேஜர். இந்தத் திட்டத்தில் பல்கலைக்கழகத்துக்குள் போக வழி இருக்கிறதே தவிர, நினைத்த மேஜர் தானாகக் கைக்கு வராது. ஒவ்வொரு துறையும் எந்தப் பாடங்கள், எவ்வளவு ஜி.பி.ஏ. என்று தனித்தனியாகக் கேட்கும். அவள் உயிரியல் வேண்டும் என்கிறாள் அல்லவா, அந்தத் துறையின் பட்டியலை முதல் வாரமே அச்செடுத்து மேஜை மேல் ஒட்டச் சொல். பாடத்தின் எண்ணும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது. பிளினில் ஹிஸ்டரி 1301 என்பது ஏ அண்ட் எம்மில் ஹிஸ்டரி 105. எதற்கு எது சமம் என்று பார்த்துவிட்டுத்தான் பதிய வேண்டும். அமெரிக்க வரலாறு ஆறு கிரெடிட், அரசியல் ஆறு கிரெடிட் டெக்ஸஸ் அரசுக் கல்லூரியில் எல்லோருக்கும் கட்டாயம். அதைப் பிளினில் முடித்துவிட்டால் செலவும் குறைவு, பின்னால் நிம்மதி. கஷ்டமாக இருக்கிறது என்று பாடத்தைப் பாதியில் விடும் பழக்கம் வேண்டாம். பட்டம் முடியும்வரை ஆறு பாடத்துக்கு மேல் விடக்கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது.

அத்தானுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கல்லூரி என்றால் எல்லாமே இரண்டு. ஐ.டி. அட்டை, மின்னஞ்சல், கட்டண ரசீது, காலண்டர், அட்வைசர். மத்திய அரசின் உதவித்தொகை ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து வராது, எங்கே வழியாக வரும் என்று ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று வகுப்பு தொடங்க 10 நாளைக்கு முன்பாவது வேண்டும், ஆகஸ்டில் ஓடாதீர்கள். அப்புறம், மதிப்பெண்ணைப் பார்க்க நீங்கள் கல்லூரிக்குப் போன் போட்டால் சொல்ல மாட்டார்கள். 1974-லிருந்தே சட்டம் அப்படி. அவள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான். அவளாகச் சொல்கிற வீடாக நம் வீடு இருக்க வேண்டும் அக்கா. தம்பி அந்த சி-யை இரண்டு மாதம் என்னிடம் சொல்லவில்லை.

வேறு பல்கலைக்கழகத்தில் நேராக இடம் கிடைத்து, அவள் மேஜருக்கு அதுதான் நல்லது என்று அவளே சொன்னால் தாராளமாக அங்கே போகட்டும். இதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெட்கப்பட்டு மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏ அண்ட் எம் மாணவர்களை "ஆகி" (Aggie) என்பார்கள். போன வருடம் தம்பி அந்த "ஆகி" மோதிரம் வாங்கினான். மொத்தம் 90 கிரெடிட் முடித்திருக்க வேண்டும், அதில் 45 ஏ அண்ட் எம்மிலேயே படித்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வருடத்தில் படித்த 15, மூன்றாம் வருடம் 30, ஆக 45. பிளினில் படித்த 45 கிரெடிட்டும் சேர்ந்தால் 90. நேராகச் சேர்ந்த அவன் அறைத் தோழனும் இவனும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று வாங்கினார்கள். விரலில் போட்டதும் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். நான் அந்தக் கையை விடவே இல்லை.

நேற்று நாம் நாற்பது நிமிடம் பேசினோம் அக்கா. இடம் கிடைத்த பிள்ளைக்கு நீயும் வாழ்த்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். எடுத்ததும் போனை முதலில் அவளிடம் கொடு.

உன் தங்கை