பிளானிங் கமிட்டிக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மே மாதத் தேர்தலில் நீர் வென்ற அன்று தமிழ்ப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு முழுக்கப் பூங்கொத்தாகக் கிடந்தது. நான் ஒன்றும் போடவில்லை. சனிக்கிழமைகளில் கடைசி வாங்கில் இருந்து ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் இடையில் தத்தளித்த பொடியன் கவுன்சிலர் ஆகிவிட்டான் என்பதை நம்பவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது. பிறகு போன வாரம் நீரே போன் எடுத்து, “ரீச்சர், என்னைப் பிளானிங் கமிட்டியில் போட்டிருக்கினம். முதல் பெரிய கேஸே பழைய ஆஸ்பத்திரி ஒன்றை வீடுகளாக மாற்றுற விஷயம். ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா?” என்று கேட்டீர்.

அந்தக் கேள்வியை இனி யாரிடமும் அப்படிக் கேட்காதேயும். ஒரு கவுன்சிலர் முன்பு சொன்ன கருத்தை மட்டும் வைத்து அவர் மனத்தை மூடிவிட்டார் என்று கொள்ளக் கூடாது என இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதுதான். ஆனாலும் கூட்டத்துக்கு முன்பே முடிவெடுத்தவர் போல் நடந்துகொண்டால் வழக்கு வரும், சிலவேளை முடிவே விழுந்துபோகும். இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் இங்கே பகிரங்கமாக எழுதுவதும் அதனால்தான். கட்டட விண்ணப்பங்களுக்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்று முடிவுசெய்யும் கமிட்டியில் இருப்பவரிடம் ஒரு விண்ணப்பத்தைப் பற்றி யாரும் காதோடு காதாகப் பேசுவது அழகில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. வாக்கை எந்தப் பக்கம் போடுவது என்பது உம்முடைய வேலை. என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு கவுன்சிலின் பிளானிங் பிரிவில் பதினாறு வருடம் கிளார்க்காக இருந்து கோப்புத் தூக்கியவள் என்பது ஒரு தகுதி. அப்படி மாற்றிக் கட்டிய கட்டடம் ஒன்றில் நானே குடியிருக்கிறேன் என்பது மற்றது, அதுதான் பெரிய தகுதி.

எங்கள் வீட்டை நீர் பார்த்ததில்லை. விக்டோரியா காலத்துப் பள்ளிக்கூடம் அது. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு லண்டன் பள்ளிக்கூட வாரியம் நகரம் முழுக்கக் கட்டிய நூற்றுக்கணக்கான பள்ளிகளில் ஒன்று. ராப்சன் என்ற கட்டடக் கலைஞர் போட்டுக் கொடுத்த பாணியில் செங்கல், உயரமான முகடு, ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கும் பெரிய ஜன்னல்கள். பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும், தெருவைப் பார்த்துப் பராக்குப் பார்க்கவும் கூடாது என்று அப்படி வைத்தார்கள் போலும். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், அதற்கு மேலே கல்லில் எழுத்து. என் மனுசன் ஒவ்வொரு நாளும் ‘கேர்ள்ஸ்’ என்று செதுக்கிய வாசலால்தான் வேலைக்குப் போய் வருகிறார்.

வெளியே நின்று பார்ப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே கதை வேறு. உயரமான வகுப்பறையின் நடுவே ஒரு தளத்தைப் போட்டு, ஒரே ஜன்னலின் கீழ்ப் பாதியை எங்களுக்கும் மேல் பாதியை மேல்வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மேல்வீட்டுப் பிள்ளை இருமினால் நாங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு எழும்புவோம். குசினி வீட்டின் நடுவில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. முன்சுவரில் துளைபோட்டுப் புகைக்குழாய் விட அனுமதி கிடைக்காததால், அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றாடி புகையை உறிஞ்சி, வடிகட்டி, திரும்ப எங்கள் முகத்திலேயே விடுகிறது. கறித்தூளுக்கு மிளகாய் வறுத்த அன்று மூன்று மாடி ஆட்களும் முற்றத்தில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வரவில்லை, அது ஒன்றுதான் குறை.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தக் குசினி ஒரு வரைபடத்தில் இருந்திருக்கும். அந்த வரைபடம் ஒரு கமிட்டியின் மேசைக்குப் போயிருக்கும். முன்சுவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசியிருப்பார்கள், குசினியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

உம்முடைய ஆஸ்பத்திரி ‘கிரேட் டூ’ என்று சொன்னீர். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறக்குறைய 4 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தத் தரம்தான். அதனால் ‘டூ தானே’ என்று யாராவது தோளைக் குலுக்கினால் ஏமாறாதேயும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இரண்டு நட்சத்திரம், இரண்டு என்ற மூன்று தரத்துக்கும் ஒன்றுதான்: கட்டடத்தைப் பேணுவதற்கு விசேட கவனம் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்றம், சிறைக்கும் போகலாம். அதிகாரியின் அறிக்கையில் ‘பாரதூரமானதைவிடக் குறைந்த பாதிப்பு’ என்று ஒரு வரி நிச்சயம் வரும். பாதிப்பு குறைவென்றால் பிரச்சினை இல்லை என்று வாசித்துவிட்டுப் போகிற உறுப்பினர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். 2014இல் பார்ன்வெல் மேனர் காற்றாலை வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டது. பாதிப்பு சிறிதென்றாலும் தராசில் அதற்குக் கணிசமான எடை போட வேண்டும். மறுதட்டில் பொதுநன்மை இருக்க வேண்டும்.

அந்தப் பொதுநன்மை என்ன, யாருக்கு என்பதில்தான் நீர் உட்கார வேண்டும். எல்லா விண்ணப்பத்திலும் அதே பல்லவிதான்: பழைய கட்டடம் பிழைக்கும், ஊருக்கு வீடு கிடைக்கும். முதல் பாதி பெரும்பாலும் நடக்கும். இரண்டாம் பாதியை லண்டனில் தேம்ஸ் கரையில் உள்ள பாட்டர்ஸீ மின்நிலையத்தில் பாரும்.

1983இல் மின் உற்பத்தி நின்றது. எண்பதுகளின் கடைசியில் அதைக் கேளிக்கைப் பூங்காவாக்கப் போவதாகச் சொன்ன முதலாளி கூரையைக் கழற்றிவிட்டுப் பணமில்லாமல் நின்றார். பிறகு பல வருடம் அது மழையில் நனைந்தது. 2012இல் மலேசிய நிறுவனங்கள் சேர்ந்து 40 கோடி பவுனுக்கு வாங்கின. நான்கு புகைபோக்கிகளையும் இடித்து, அச்சுப் பிசகாமல் அதேபோலத் திரும்பக் கட்டினார்கள். 2022 அக்டோபரில் திறந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

ஆனால் நடுவில் 2017 என்று ஒரு வருடம் இருக்கிறது. வளாகம் முழுவதிலும் 4,239 வீடுகள், அதில் 636 ‘கட்டுப்படியாகும்’ வீடுகள், அதாவது சந்தை விலையைவிடக் குறைவாகக் கொடுக்கும் வீடுகள் என்பதுதான் ஒப்பந்தம். செலவு ஏறிவிட்டது, கணக்குக் கட்டவில்லை என்று நிறுவனம் வந்தது. வான்ஸ்வொர்த் கவுன்சிலின் கமிட்டி அந்த எண்ணை 386 ஆகக் குறைக்கச் சம்மதித்தது. நூற்றுக்கு 15 என்றிருந்தது 9 ஆனது. அந்த 386ம் மின்நிலையத்துக்குள் இல்லை, பிரதான வளாகத்துக்கு வெளியே ஸ்லீஃபோர்ட் தெருவில். புகைபோக்கிகளில் ஒன்றைக்கூட ‘கணக்குக் கட்டவில்லை’ என்று விட்டுவிட ஒருவரும் துணியவில்லை, பாரும். பட்டியலில் உள்ள கல்லுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. வீட்டுக்கு நிற்பது ஓர் ஒப்பந்தத் தாள்தான், அதைச் சில வருடம் கழித்துத் திரும்பத் திறக்கலாம்.

கமிட்டியில் இருந்தவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. மறுத்திருந்தால் வேலை நின்றிருக்கும், நிறுவனம் மேன்முறையீட்டுக்குப் போயிருக்கும், முப்பது வருடம் பார்த்த இடிபாட்டை இன்னும் பத்து வருடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் பயந்திருப்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது வீட்டுக்குக் காத்திருக்கும் சனம்.

உமக்கு அருகிலேயே இன்னொன்று இருக்கிறது. உட்ஃபோர்ட் பிரிட்ஜில் கிளேபரி மனநல ஆஸ்பத்திரி. 1893இல் திறந்தது, 1997இல் மூடியது. அதன் தண்ணீர்க் கோபுரத்தை இல்ஃபோர்ட் பக்கத்துத் தமிழர்கள் பாதிப்பேர் தினமும் பார்க்கிறார்கள், என்னவென்று தெரியாமலே. முதலில் வந்த திட்டத்தில் பல கட்டடங்கள் இடிபடவும் காட்டில் ஒரு பகுதி போகவும் இருந்தது. ரெட்பிரிட்ஜ் கவுன்சிலும் பழைய கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பும் ஊர்ச்சனமும் மறித்து நின்றார்கள். பிறகு வந்த திட்டத்தில் முக்கியமான கட்டடங்கள் தப்பின. காடு இன்று எவரும் நடக்கக்கூடிய பூங்கா. முதல் திட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ‘இதை விட்டால் வேறு வராது’ என்று உம்மிடமும் சொல்வார்கள். சிலவேளை உண்மை, பலவேளை பேரம். அங்கே வீட்டு வளாகத்துக்கு இப்போது ரெப்டன் பார்க் என்று பெயர், நோயாளிகள் தொழுத தேவாலயம் நீச்சல் குளமாகிவிட்டது. அது சரியா பிழையா என்று என் மனுசனும் நானும் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். இடிந்துபோவதைவிட ஆட்கள் நீந்துவது மேல் என்பது அவர் கட்சி.

சரி, இப்போது உம்முடைய கோப்புக்கு வாரும். நீர் சொன்னதைப் பார்த்தால் பழைய கட்டடத்துக்குள் கொஞ்ச வீடும், பின்காணியில் புதுக் கட்டடங்களில் நிறைய வீடும் வருகின்றன. புதிதை விற்றுப் பழையதைத் திருத்துவோம் என்பார்கள். அப்படியென்றால் எது முதலில் என்பதை எழுத்தில் கேளும். புது வீடுகளைக் கட்டி விற்றுவிட்டு, பழையதை வேலி அடைத்து விட்டுவிடுவது இந்தத் தொழிலில் புதிதில்லை. பழையதன் கூரையும் வெளிச்சுவரும் திருத்தி முடியும்வரை புதியதில் இத்தனை வீட்டுக்கு மேல் குடியேறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடலாம். ஒரு வரிதான். அது இல்லாத ஒப்பந்தத்துக்குக் கை தூக்க வேண்டாம் என்று மட்டும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன்.

வெறுமையாகக் கிடக்கும் பழைய கட்டடத்தின் கதி என்ன என்று பிராட்ஃபோர்ட்காரரைக் கேட்டால் தெரியும். 2022 மார்ச்சில் பக்கத்துக் கீத்லியில் டால்டன் ஆலை எரிந்தது, அது ‘இரண்டு நட்சத்திரம்’ தரம். காலம் இழுபடுவதும் ஓர் அழிவுதான். அதனால் ‘ஒத்திவைப்போம்’ என்று சொல்வது எப்போதும் புத்திசாலித்தனம் என்று நினையாதேயும். அதே நேரம், கட்டடம் மோசமாகிவிட்டது என்பதையே விண்ணப்பதாரர் காரணமாகக் காட்டினால், யார் அதை மோசமாக விட்டது என்று கேளும். வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டதற்குச் சான்று இருந்தால், அந்தச் சீரழிந்த நிலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அரசின் தேசியத் திட்டமிடல் கொள்கையே சொல்கிறது. தாழ்வாரம் ஒழுகிய வருடத்தில் அவசரத் திருத்த அறிவித்தல் கொடுக்க உம்முடைய கவுன்சிலுக்கு அதிகாரம் இருந்தது. கொடுத்ததா? அந்தக் கேள்வி அதிகாரிகளுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

அப்புறம் கணக்கு. வெறுமையான கட்டடத்தைத் திரும்பப் பாவித்தால், அதன் பரப்பளவுக்கு ஏற்றபடி கட்டுப்படியாகும் வீடுகளின் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று 2014இல் ஒரு சலுகை வந்தது. நடுவில் நீதிமன்றம் அதை நிறுத்தி, 2016இல் திரும்ப வந்தது. உம்முடைய ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியது! சலுகையும் அவ்வளவு பெரியதாக இருக்கும். இந்தத் திட்டத்துக்காகவே அதை வெறுமையாக்கினார்களா என்று பார்க்க வேண்டும் என வழிகாட்டலில் இருக்கிறது. அறிக்கையின் பின்னிணைப்பில் எங்கேயாவது இருக்கும், தேடும். எத்தனை கட்டுப்படியாகும் வீட்டைத் திட்டம் தாங்கும் என்ற கணக்கும் பெரும்பாலும் நிறுவனத்துக்கு 15 முதல் 20 வீத லாபம் விட்டுத்தான் போடப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளும்.

குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் வீட்டுச் சங்கங்கள் பழைய கட்டடத்துக்குள் வாடகை வீடு எடுக்கப் பின்வாங்கும். அதற்குப் பராமரிப்புச் செலவுதான் காரணம். எங்கள் கூரை ஸ்லேட், பீலி ஈயம். திருத்துவதற்குச் சாரம் கட்டியதற்கே ஒரு கார் வாங்கலாம். வெறும் வயலில் புது வீடு கட்டினால் வாட் வரி பூச்சியம், இருக்கிற வீட்டைத் திருத்தினால் 20 வீதம். பட்டியலிட்ட வீடுகளில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த விலக்கையும் 2012இல் எடுத்துவிட்டார்கள். பழையதைக் காப்பாற்று என்று ஒரு கையால் சட்டம் எழுதி, மறுகையால் வரி வாங்கும் நாடு இது. அதை உம்மால் மாற்ற முடியாது. ஆனால் இருபது வருடம் கழித்து அந்தக் கூரைக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்க முடியும்.

இவ்வளவும் கேட்க உமக்கு இடம் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். 2013 முதல் அலுவலகக் கட்டடங்களை முழு அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்று விட்டார்கள். ஹார்லோவில் டெர்மினஸ் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடத்தில் 18 சதுர மீட்டருக்கும் ஆட்களை ஏற்றினார்கள். 2021இல்தான் அந்த வழியிலும் ஆகக் குறைந்தது 37 என்று வந்தது. பட்டியலிட்ட கட்டடங்கள் அந்தக் குறுக்குவழிக்குள் வராது. உம்முடைய ஆஸ்பத்திரி முழு விண்ணப்பமாகவே உம்முடைய மேசைக்கு வருகிறது.

கட்டடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போம். முன்மண்டபத்தில் கோப்பி கொடுத்து நிற்பாட்டுவார்கள், மேல்மாடியின் வடக்கு மூலைக்குப் போக வேண்டும் என்று கேளும். வரைபடத்தில் ஆகச் சிறிய வீட்டைத் தேடி, குசினி எங்கே, புகை எதால் போகும், ஜன்னலைத் தளம் வெட்டுகிறதா என்று பாரும். எதிர்ப்பதென்றால் திட்டமிடல் காரணம் சொல்லும். ‘ஊருக்குப் பிடிக்கவில்லை’ என்றோ வீட்டு விலை விழும் என்றோ சொல்லி மறுத்தால் மேன்முறையீட்டில் தோற்று, செலவையும் கவுன்சில் கட்ட வேண்டி வரும்.

முடிவு எதுவானாலும் கூட்டம் முடிந்த பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு வாரும். மிளகாய் வறுக்க மாட்டேன், இடியப்பமும் சொதியும்தான். ‘பாய்ஸ்’ என்று எழுதிய வாசல் பூட்டிக் கிடக்கும், மற்றதால் வாரும்.

அன்புடன்,
உம்முடைய ரீச்சர்