மழைக்காலத்தில் பிஹெச் இறங்கினால் பஃபர் ஊற்றாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கமிருந்தும், வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "பிஹெச் 7.8-க்கு வந்துவிட்டது, பஃபர் பவுடர் இருக்கிறதா?" பிஹெச் என்பது தண்ணீரின் அமில-கார அளவு, அது இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள். பஃபர் என்பது அதை ஏற்றப் போடுகிற பவுடர். பவுடர் கடையில் இருக்கிறது. ஆனால் இந்தக் காரணம் சொல்லிக் கேட்டால் நாங்கள் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

மழைக்கும் கொசுவுக்கும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஹாலில் நாலு பேர் இருக்க, அடுப்பும் எரிய, வீட்டுக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). அடைத்த அறையில் 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். கோலி சோடாவில் அடைக்கிற அதே வாயுதான். தொட்டித் தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது, பிஹெச் இறங்குகிறது.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்து பிஹெச் பாருங்கள். டம்ளரை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு ஒரு மணி நேரம் காற்று விடுங்கள். மழைத்துளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப அளக்கும்போது பிஹெச் நன்றாக ஏறியிருந்தால் கோளாறு அறைக் காற்றில் இருக்கிறது. அதற்குத் தண்ணீரில் எதைக் கொட்டியும் பயனில்லை.

எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்பதும் முக்கியம். ராத்திரி லைட் அணைந்ததும் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசி ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடும், கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும் சுவாசம் மட்டும் நடக்கும். அதனால் விடியற்காலையில் பிஹெச் எப்போதும் இறங்கித்தான் இருக்கும், சாயங்காலம் ஏறும். காலையில் 7.8, மாலையில் 8.1 என்றால் அது ஆரோக்கியமான தொட்டி. ஒருநாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் அளந்துவிட்டு ஒப்பிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

சரி, பஃபர் ஊற்றினால் என்ன ஆகும்? அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது ஆப்பச் சோடாவும் சலவைச் சோடாவும்தான். போட்டவுடன் பிஹெச் சற்று ஏறும். அறைக் காற்று மாறவில்லையே, மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆனால் போட்ட சோடா எங்கும் போகாது, ஆல்கலினிட்டியாக, அதாவது அமிலத்தைத் தாங்கும் கார இருப்பாக, தண்ணீரிலேயே தங்கிவிடும். மறுபடி ஊற்றினால் மறுபடி ஏறும். கடலில் ஆல்கலினிட்டி ஏறக்குறைய 7 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு). தொட்டியில் 7 முதல் 11-க்குள் எங்காவது ஓரிடத்தில் அசையாமல் நின்றால் போதும். அதை 13, 14-க்குத் தள்ளினால் தண்ணீரில் உள்ள கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, நம் போர் தண்ணீரில் இட்லிப் பானை அடியில் படிகிற மாதிரி, ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கால்சியமும் குறையும். திடீர் ஏற்றம் தாங்காமல் ஸோஆந்தஸ் என்கிற வகையின் மொட்டுகள் மூடிக்கொள்ளும், லெதர் என்கிற மென்பவளம் சுருங்கிவிடும். அது மூடிக் கிடப்பதைப் பார்த்து இன்னொரு மருந்து ஊற்றுகிறார்கள். எங்களுக்கு மனசு கேட்காத இடம் இதுதான்.

நாங்கள் விற்பது ஸோஆந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையான வகைகள் மட்டும். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும்கூட, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தாலும் கை நீட்டாதீர்கள், அந்தப் பவளம் அங்கேயே இருக்கட்டும். மென்பவளங்களுக்குக் கல் எலும்புக்கூடு கட்டுகிற வேலை இல்லாததால் ஆல்கலினிட்டி மிக மெதுவாகத்தான் செலவாகும். பாறையில் படரும் ஊதாப் பாசியும் நத்தைகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலான தொட்டிகளுக்கு அது ஈடாகிவிடும். கடல்நீர் கலக்கும் உப்பின் பிராண்டை மாற்றும்போது மட்டும், புதிதாகக் கலக்கிய தண்ணீரின் டிகேஎச்சை முதலில் பாருங்கள். ஒரு பிராண்டுக்கு 8 வரும், இன்னொன்றுக்கு 11 வரும்.

அப்போ பிஹெச்சுக்கு என்னதான் வழி? மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள், அது காற்று இழுக்கும் டியூபை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். இருபது, முப்பது ரூபாய் டியூபில் முடிகிற வேலை. கரண்ட் போனால் தண்ணீர் அசைவு நின்று ஆக்சிஜனும் குறையும், ஆகவே பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் பிஹெச்சைவிட நாங்கள் கவலைப்படுவது உப்பளவைப் பற்றி. ஈரக்காற்றில் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. மே மாதப் பழக்கத்தில், ஆவியானதை ஈடுகட்ட தினம் அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்றினால் தொட்டி நீர்த்துப்போகும். சம்ப் (தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டி) கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, மட்டம் அதற்குக் கீழே போனால் மட்டும் ஊற்றுங்கள். அதுவும் ஆர்ஓ-டிஐ (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய) தண்ணீராக, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டுவதாக இருக்க வேண்டும். கேன் தண்ணீர் வேண்டாம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது எல்லோருக்கும் தெரியும், போர் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். காசிமேட்டில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மழையில் ஆறும் சாக்கடையும் கலக்கிற கரையோரத் தண்ணீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும் பார்த்தோம்.

சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் கொண்டு வாருங்கள், ஆல்கலினிட்டியும் உப்பளவும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம். சுத்தமான பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். பிஹெச்சை மட்டும் வீட்டிலேயே அளந்து, அளந்த நேரத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள். வழியில் அது மாறிவிடும், ஆல்கலினிட்டி மாறாது.

அன்புடன்,
கடல் தொட்டிப் பிரிவு,
கொளத்தூர் கடையிலிருந்து