பொழுதுபோக்கு இடங்களின் அணுகல் விவரங்களை அளந்து வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
நடமாட்டச் சிரமம் உள்ளவர்களும் அவர்களுடன் செல்லும் குடும்பத்தினரும்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுற்றுலாத் துறை

பொருள்: பூங்கா, கடற்கரை, அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு நடமாட்டச் சிரமம் உள்ளவர்கள் ஒரு நாள் போய்வர வசதியாக, ஒவ்வோர் இடத்தையும் நேரில் அளந்து விவரம் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவில் கையெழுத்திட்டிருப்பவர்களில் சிலர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். சிலர் வாக்கர் பிடித்து நடப்பவர்கள். மூட்டுவலியாலோ மூச்சுத் திணறலாலோ கொஞ்ச தூரத்துக்கு மேல் நடக்க முடியாதவர்களும் இருக்கிறோம். மீதிப்பேர் எங்களைத் தள்ளிக்கொண்டும் தாங்கிக்கொண்டும் வருபவர்கள். நெடுந்தூரச் சுற்றுலா எதையும் நாங்கள் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கும் ஏரிக்கரைக்கோ பூங்காவுக்கோ காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதைக் கெடுப்பது பெரும்பாலும் படிக்கட்டு அல்ல. அங்கே படிக்கட்டு இருக்கிறது என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிகிறதே, அதுதான்.

முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். விசாரிக்காமல் இல்லை. போன் செய்து "வீல்சேர் வருமா?" என்று கேட்டால், "தாராளமா வரலாம்" என்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தினமும் ஏறி இறங்குபவரின் கண்ணுக்கு இரண்டு படி படியாகவே தெரியாது. நேரில் போனால், "ரெண்டே படிதான், தூக்கிவிட்டுடுவோம்" என்று நாலு பேர் ஓடிவருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் பல நாற்காலிகளில் கைப்பிடி கழற்றி மாட்டும்படி இருக்கும். பதற்றத்தில் அதைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும், உட்கார்ந்திருப்பவர் சரிவார். பேட்டரியில் ஓடும் நாற்காலி என்றால், ஆள் உட்காருவதற்கு முன்பே அதன் எடை 100 கிலோவைத் தாண்டிவிடுவதுண்டு. அதை யார் தூக்குவது?

எங்களில் ஒருவர் தன் அம்மாவை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். சாய்தளம் இருந்தது, கட்டடத்தின் பின்பக்கத்தில். அந்தப் பக்கக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்று வரவில்லை. வேறு வழியாக ஒருவாறு உள்ளே போன பிறகு, சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறையைத் தேடினார்கள். கதவைத் திறந்தால் துடைப்பம், பக்கெட், கால் உடைந்த இரண்டு நாற்காலி. அந்த அம்மா காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். எங்களில் பலர் வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வெயிலில் அது எத்தனை ஆபத்து என்று தெரிந்தும் செய்கிறோம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, தங்கள் துறையின் கீழ் வரும் ஒவ்வோர் இடத்தையும் நேரில் அளந்து, அந்த விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது. 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது' என்று ஒரு வரியும் நீல நிறப் படமும் போதாது. ஒருவருக்கு ஏற்றது இன்னொருவருக்கு ஏற்காது. கோல் ஊன்றி நடப்பவர் கைப்பிடி இருந்தால் நாலு படி ஏறிவிடுவார். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு படியே சுவர். எண்ணைச் சொன்னால் போதும், முடியுமா முடியாதா என்பதை நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம்.

வாசலில் எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் உயரம், கதவு முழுதாகத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு, இவை முதலில் வேண்டும். சாய்தளம் இருந்தால் அதன் நீளமும் உயரமும் வேண்டும். பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12. அதாவது ஒரு சென்டிமீட்டர் உயர்வுக்கு 12 சென்டிமீட்டர் நீளம். 15 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு படி இருந்தால் சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் போக வேண்டும். பல இடங்களில் அதே இரண்டு படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். அதில் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும், இறங்கும்போது தள்ளுபவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கழிப்பறையில் நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் இருக்கிறதா, பக்கவாட்டில் மாறி உட்கார இடம் உண்டா, பிடிமானக் கம்பி எந்தப் பக்கம், சாவி யாரிடம் என்பதையும் எழுத வேண்டும். பாதை சிமெண்டா, சரளையா, மண்ணா? நிழல் எங்கே? வண்டி நிற்கும் இடத்திலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் வாசல் எவ்வளவு தூரம்? உட்கார பெஞ்சு எங்கெங்கே? பெஞ்சு சின்ன விஷயமாகத் தெரியலாம். சக்கர நாற்காலியே தேவைப்படாத வயதானவர்களுக்கு அந்த இடத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே அதுதான். பிரிட்டனின் வழிகாட்டுதல் நடைபாதைகளில் 50 மீட்டருக்குள் ஓர் இருக்கை இருக்கச் சொல்கிறது. சாய்மானமும் கைதாங்கியும் இல்லாத வெறும் கல்மேடையில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருப்பதுதான் பாடு.

கூடவே நாலைந்து புகைப்படம் இருந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

வசதி இல்லாத இடத்தை இல்லை என்றே எழுதுங்கள். அதற்காக யாரும் துறையைக் குறை சொல்லப் போவதில்லை. போக முடியாது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்வது வேறு, வாசல்வரை போய்த் திரும்புவது வேறு.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு அளவு நாடா, ஒரு செல்போன் கேமரா, சின்னப் பூங்கா என்றால் அரை நாள் வேலை. பிரிட்டனில் ஆக்சஸ்ஏபிள் என்ற அமைப்பு இப்படி ஆள் அனுப்பி நேரில் அளந்தே விவரம் தருகிறது. அளக்கப் போகிறவர்களோடு நாற்காலியில் இருப்பவர் ஒருவரும் செல்ல வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். நடப்பவர் கண்ணுக்குப் படாத இரண்டு சென்டிமீட்டர் மேடு எங்கள் முன்சக்கரத்துக்குத் தட்டுப்படும். அளந்த தேதியையும் போட வேண்டும். லிஃப்ட் பழுதானால் அன்றே அதைச் சேர்க்க வேண்டும்.

அளந்து முடித்தால், எளிதில் சரிசெய்யக்கூடியவை தாமாகவே தெரியவரும். இருசக்கர வாகனங்களைத் தடுக்கப் பூங்கா வாசலில் வளைத்து வைத்த இரும்புக் கம்பிகள் எங்களையும் சேர்த்தே தடுக்கின்றன. பக்கத்தில் ஒரு கதவும், அதைத் திறந்துவிட ஓர் ஆளும் இருந்தால் தீர்ந்தது. கடற்கரை கொஞ்சம் கடினம்தான். மணலில் இறங்கியதும் சின்ன முன்சக்கரங்கள் புதைந்துகொள்ளும், பிறகு பின்பக்கமாக இழுத்துத்தான் மீட்க வேண்டும். விரித்துச் சுருட்டும் பாய்ப்பாதைகளும், பலூன் போன்ற தடித்த சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலிகளும் பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. கிரீஸில் சீட்ராக் என்ற தண்டவாள இருக்கை, சூரிய ஒளி மின்சாரத்தில் ஆளைக் கடலுக்குள்ளேயே இறக்குகிறது. அதெல்லாம் நாளைக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. பாய்ப்பாதை போடுவதென்றால் ஈரமணல் வரை போடுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். பாதி மணலில் அது முடிந்துவிட்டால் கடலைத் தூரத்திலிருந்து பார்க்கத்தான் உதவும்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, பொழுதுபோக்கு மற்றும் சுற்றுலா இடங்களுக்குச் செல்வதை 30-வது பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது. கட்டடங்களோடு தகவலும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று 9-வது பிரிவு சொல்கிறது. அனைவருக்குமான சுற்றுலாவுக்கென ஐஎஸ்ஓ 21902 என்ற சர்வதேசத் தரமும் 2021-ல் வந்துவிட்டது. உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கால் ஒடிந்து கட்டுப் போட்டவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்கள் எல்லாம் இதற்கு மேல்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறோம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுதோறும் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் எங்களை வண்டியில் ஏற்றி எங்காவது அழைத்துப் போய், குழுவாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அன்று மட்டும் எல்லாக் கதவும் திறந்திருக்கும், எல்லாச் சாவியும் கிடைக்கும். எங்களுக்கு வேண்டியது ஏதோ ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் குடும்பத்தோடு, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, யாருக்கும் நன்றி சொல்லாமல் உள்ளே போவது.

முதற்கட்டமாக, மக்கள் அதிகம் வரும் பத்து இடங்களை மூன்று மாதத்துக்குள் அளந்து வெளியிடவும், பூட்டிய கதவு, அடைத்து வைத்த கழிப்பறை போன்ற புகார்களைக் கேட்க ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொறுப்பாளரை அறிவிக்கவும், அவருடைய தொலைபேசி எண்ணை வாசலில் எழுதி வைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறோம். அளவெடுக்கும் பணிக்கு எங்களில் சிலர் வரத் தயாராக உள்ளோம். எந்த நாள், எந்த இடம் என்று தெரிவித்தால் போதும். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
கையெழுத்திட்டுள்ள மனுதாரர்கள்