கோவை ஜாப் ஒர்க் பட்டறை ஓனர்களுக்கு: மெஷினுக்கு மணி நேர ரேட்டை நீங்களே போட்டுப் பாருங்க

கணபதி, பீளமேடு, சிட்கோ, அரசூர் பக்கமெல்லாம் ஒரு லேத்தோ ரெண்டு வி.எம்.சி-யோ (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்) வெச்சு ஜாப் ஒர்க், அதாவது அடுத்த கம்பெனி ட்ராயிங்படி கூலிக்கு பார்ட்டு செஞ்சு குடுக்கற வேலை, பண்ற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கமுங்க. நான் பட்டறைகளுக்கு கணக்கு பாக்கறவன். நேராவே சொல்லிடறேன், நீங்க கொட்டேஷன் போடற முறைதான் உங்க கைக்காச தின்னுட்டு இருக்குது. ட்ராயிங் வந்ததும் பக்கத்து பட்டறைல மணிக்கு என்ன வாங்கறாங்கன்னு ஒரு போன், அதுல 20 ரூபா கொறச்சு நம்ம ரேட்டு, ஆனா அவரும் இப்படி இன்னொருத்தர கேட்டுத்தானுங்க போட்டிருப்பாரு.

உதாரணத்துக்கு ஒரு வி.எம்.சி எடுத்துக்குவோம். வெல 24 லட்சம், 10 வருஷம் கழிச்சு வித்தா 4 லட்சம் வரும்னா தேய்மானம் வருஷத்துக்கு 2 லட்சம். லோன் வட்டி 1.8 லட்சம், வாடகை 1.2, ஈபி பிக்சட் சார்ஜ், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேத்து 0.6, ஆபரேட்டர் சம்பளம் 2.4, ஆக மொத்தம் 8 லட்சம், மெஷின் ஓடுனாலும் நின்னாலும் இது போயே தீரும். ஒரு ஷிப்ட்டு 8 மணி நேரம், 300 நாள்னா 2400 மணி, அதுல வகுத்தா 333 ரூபா, கரண்ட், இன்சர்ட் (வெட்டற டூல் முனை), கூலன்ட்டுன்னு (சூடு தணிக்கற திரவம்) ஓடும்போது ஆகற 100 ரூபாயும் சேத்தா 433, சரி 450 வாங்குனா லாபம்னு நெனைக்கறீங்க. ஆனா கரண்ட் கட்டு, ரிப்பேரு, ஆபரேட்டர் லீவு, லோடு இல்லாத நாளெல்லாம் போக செட்டிங்கும் (வேலைக்கு முன்னால மெஷின தயார் பண்றது) சேத்து வேலை நடக்கறது 1600 மணி நேரம்தான்னா 8 லட்சத்துக்கு மணிக்கு 500 ஆகுது, மொத்தம் 600. அப்ப 450-க்கு ஓட்டற ஒவ்வொரு மணிக்கும் 150 ரூபா உங்க பாக்கெட்ல இருந்து போகுது. இதுல உங்க சம்பளத்த இன்னும் நான் சேக்கவே இல்ல, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கறீங்களே, அதுக்கு ஒரு தொகை போட வேண்டாமுங்களா?

அப்ப 600-க்கு கீழ எதையும் தொடவே கூடாதான்னு கேப்பீங்க. அப்படி இல்லீங்க. மெஷின் சும்மா நிக்கற நேரத்துல 350-க்கு ஒரு ஆர்டர் வந்தா தாராளமா எடுங்க, புதுசா ஆகற செலவு 100 தான், மிச்சம் 250 வாடகைக்கும் வட்டிக்கும் உதவும், மார்ஜினல் காஸ்டிங்னு சொல்றது இதத்தான். ஆனா அதையே வருஷம் பூரா ரெகுலர் ரேட்டா ஒத்துக்கிட்டா 8 லட்சத்த யாரு கட்டுவா? ஒரு தடவ கொறச்ச ரேட்ட அடுத்த பி.ஓ-லயும் (பர்சேஸ் ஆர்டர்) அப்படியே போட்டுருவாங்க, அதனால இது இந்த லாட்டுக்கு மட்டும்னு எழுதிக் குடுங்க.

செட்டிங்குக்கு 2 மணி நேரம் ஆச்சுன்னா மணிக்கு அந்த 500 வீதம் அதுவே 1000 ரூபா, 500 பீஸ் ஆர்டர்னா ஒரு பீஸுக்கு 2 ரூபா, 50 பீஸ்னா 20 ரூபா. ரெண்டுக்கும் ஒரே பீஸ் ரேட் குடுக்கறது எனக்கு சுத்தமா புரியல. பவுண்டரி (உலோகத்த உருக்கி வார்க்கற பட்டறை) வெச்சிருக்கறவங்க இத கிலோ கணக்குல பாக்கணும், 60,000 ரூபா செலவுல 1000 கிலோ உருக்கி 950 கிலோதான் நல்ல சரக்கா வந்தா கிலோ அடக்கம் 60 இல்ல, 63-க்கு மேல.

அப்பறம் கடன். 90 நாள் கழிச்சு காசு வந்தா 12% வட்டில லட்சத்துக்கு கிட்டத்தட்ட 3000 போச்சு, அதையும் ரேட்ல ஏத்துங்க. உத்யம்ல (சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) பதிஞ்ச சிறு, குறு யூனிட்டுக்கு வேலை வாங்குனவங்க 45 நாளுக்குள்ள காசு குடுக்கணும்னு 2006 எம்.எஸ்.எம்.இ சட்டமே சொல்லுது, பில்லுல உத்யம் நம்பர அடிச்சு விடுங்க.

எல்லாரும் சேந்து ஒரே ரேட் கட்டுங்கன்னு நான் சொல்ல வரலீங்க, அது சட்டப்படியும் தப்பு, ஒவ்வொருத்தர் வாடகையும் லோனும் வேற வேற. ஒரு மாசம் மட்டும் மெஷின் பக்கத்துல ஒரு நோட்டு வெச்சு எப்ப ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு ஆபரேட்டர எழுதச் சொல்லுங்க. அந்த நோட்டோட ஈபி பில்லு, லோன் ஸ்டேட்மென்ட்டையும் சங்கத்து மீட்டிங்குக்கு எடுத்துட்டு வாங்க, உங்க உங்க ரேட்ட கூட உக்காந்து போட்டுத் தரேன், அதுக்கு காசு எதுவும் வேண்டாமுங்க.