செயலாளரின் ஆண்டறிக்கை: வானத்திலிருந்து தரைக்கு நேரடி வீடியோ

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு எமது சங்கம் செய்த வேலைகளில் பெரும்பகுதி ஒரே விடயத்தைச் சுற்றி நடந்தது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறும் பட்டம் ஒன்றில் கமரா கட்டி, அது காண்பதைக் கீழே நிற்கும் சனம் அந்த நேரமே திரையில் பார்க்க வேண்டும் என்பது அங்கத்தவர்களின் நெடுநாள் ஆசை. மாணவருக்கான சோல்டரிங் வகுப்பும் பழைய வானொலி திருத்தும் நாட்களும் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பட்டத்துக்கு வேண்டிய பாடத்தை பரசூட்டில் குதிப்பவர்களிடம்தான் படித்தோம். கனடாவில் வசிக்கும் எமது பழைய அங்கத்தவர் ஒருவர் அங்கே குதிப்பவர்களின் ஹெல்மெற் கமராவிலிருந்து வரும் படத்தைத் தரையில் நின்று பிடிப்பவர். அவர் சூம் வழியே நடத்திய வகுப்புகளே இந்த ஆண்டின் மிகப் பெறுமதியான நிகழ்வு என்பது என் கருத்து.

குதிப்பவர் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறுகிறார். மணிக்கு 200 கிலோமீற்றர் அளவு வேகத்தில் ஒரு நிமிடம் விழுந்த பிறகே பரசூட் விரிகிறது. இந்த வேகத்தில் படம் எப்படி ஒழுங்காக வரும் என்று எல்லோரும் கேட்டோம். படம் வரும் அலையின் அதிர்வெண் 5.8 கிகாஹேர்ட்ஸ்; அந்த வேகம் அதை ஆயிரம் ஹேர்ட்ஸ் அளவுதான் நகர்த்தும். பல மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள வீடியோ சிக்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தூரமும் பெரிய தடை இல்லை, ஏனென்றால் நடுவில் மரமோ சுவரோ கிடையாது.

படத்தைக் கெடுப்பது ஆளின் உடம்பும் அன்ரனா திரும்பும் திசையும்தான். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். நுண்ணலையை அது விழுங்கிவிடும். ஹெல்மெற்றின் ஒரு பக்கத்தில் அன்ரனா இருந்தால், ஆள் புரளும்போது தலையே குறுக்கே வந்துவிடுகிறது. அதோடு, நேர்க்கம்பி அன்ரனாவின் அலை உழுந்து வடை போலத்தான் பரவும். கம்பியின் நுனி நோக்கும் திசையில் வடையின் ஓட்டை. குதிப்பவர் நேர் உச்சியில் நிமிர்ந்து நின்றபடி வந்தால் தரைக்குழு அந்த ஓட்டைக்குள் நிற்கும். அப்புறம் எவ்வளவு வலு கொடுத்தும் பயனில்லை.

இதற்கு அவர்கள் கண்ட வழி இரண்டு. அலை சுழன்றபடி போகும் அன்ரனாவை இரு முனையிலும், ஒரே கைச்சுழற்சியில் (இரண்டும் வலம், அல்லது இரண்டும் இடம்) வைத்தால் ஆள் எப்படிச் சுழன்றாலும் படம் அறுவது குறையும். இரண்டாவது வழி, தரையில் இரண்டு அன்ரனா: எல்லாத் திசையும் கேட்கும் அன்ரனா ஒன்று, ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கும் தட்டையான அன்ரனா ஒன்று. எது தெளிவோ அதை ரிசீவர் தானே எடுத்துக்கொள்ளும். தட்டை அன்ரனாவை வானத்தில் ஆளை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். பொறுமையான வேலை அது. 2012 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் கூகிள் நிறுவனம், ஆகாயக் கப்பலிலிருந்து குதித்தவர்களின் மூக்குக்கண்ணாடிக் கமராப் படத்தை நேரடியாகக் காட்டியதையும் வகுப்பில் போட்டுப் பார்த்தோம்.

எமது பட்டத்தில் முச்சைக்கு (பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கட்டு) கீழே, நூலில் கமராவைத் தொங்கவிட்டோம். மூங்கிலும் தாளும் அலையை மறிப்பதில்லை. ஆனால் வாடைக்காற்றில் கமரா ஆடிக்கொண்டே இருந்தது. முதலில் நேர்க்கம்பி அன்ரனாவோடு பார்த்தபோது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் திரையில் வெள்ளைப் புள்ளி கொட்டியது. பிறகு இளைய அங்கத்தவர் ஒருவர் செப்புக் கம்பியை வளைத்து, அலை சுழன்றபடி போகும் மூவிலை அன்ரனா செய்தார். அலைநீளம் 5.2 சென்ரிமீற்றர்தான் என்பதால் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பிழைக்கும். அடிமட்டத்தை வைத்து வைத்து வளைத்தார். அதைப் பூட்டியதும் படம் அறாமல் நிலையாக நின்றது. கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் அலை பெரும்பாலும் எதிர்ச் சுழற்சியாக மாறி வருவதால் ரிசீவர் அதை ஒதுக்கிவிட்டது. கடற்கரையில் இது பெரிய உதவி. திரையில் மணலும் படகுகளும் தெரிந்தபோது, ஒரு சிறுவன் மேலே பார்த்துக் கை காட்டிவிட்டுத் தன்னைத் தேடித் திரைக்கு ஓடினான்.

டிஜிற்றல் கருவி வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதில் படம் துல்லியம். ஆனால் சிக்னல் தளர்ந்தால் முன்னறிவிப்பில்லாமல் உறைந்துவிடும். பழைய அனலொக் முறையில் புள்ளி கூடுவதைக் கண்டே அன்ரனாவைத் திருப்பலாம். பழகும் வரை அனலொக்கே நல்லது.

படத்தை அலையாக அனுப்பும் கருவியான பரப்பியை வலுக்கூடியதாக வாங்க வேண்டும் என்று சிலர் எழுதித் தந்துள்ளனர். நான் அதை ஆதரிக்கவில்லை. வலுவை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும். பற்றரியின் பாரமும் சூடும் கூடும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அனுமதியும் தேவை. அந்தக் காசுக்கு இரண்டு அன்ரனா பூட்டக்கூடிய ரிசீவரும் நல்ல முக்காலியும் வாங்கலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பரசூட் சங்கம் குறைந்தது 200 முறை குதித்த பிறகே கமரா அணியச் சொல்கிறது. துருத்தும் எதுவும் பரசூட் நூலில் சிக்கலாம். எமக்கு ஆபத்து வேறு: கமரா அறுந்து தலையில் விழுவது. ஆகவே கமராப் பட்டம் சனத்துக்கு மேலே ஏறக்கூடாது என்று நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. அன்ரனா பூட்டாமல் பரப்பிக்கு மின் கொடுக்கவும் கூடாது; கருவி எரிந்துவிடும்.

கனடா அங்கத்தவருக்கும், நூல் பிடித்த வல்வெட்டித்துறைப் பட்டக்காரருக்கும், மின் இணைப்புத் தந்த கடற்கரை வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையையும் ரிசீவர் கொள்வனவுப் பிரேரணையையும் சபை ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்