கதவுள்ள அறையும் மாறாத ஆலோசகரும் வேண்டும்: மனநலப் பிரிவு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். இனி ஆலோசனைக்கு ஒருவருக்கு 15 நிமிடம்தான், அன்றைக்கு எந்த ஆலோசகர் இருக்கிறாரோ அவரைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். வரிசை நீண்டுவிட்டதாம். அந்த வரிசையில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதன் நீளம் எனக்கும் தெரியும்.

எனக்கு பேனிக் அட்டாக். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடுவோம் என்று தோன்றும். மூன்று முறை ஈசிஜி எடுத்தும் இதயத்தில் ஒன்றுமில்லை என்றான பிறகுதான் உங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

முதலில் கிடைத்த ஆலோசகர், மூன்றாவது அமர்வில் ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். விட்டேன். தலை கிறுகிறுத்தது, விரல் நுனி மரத்தது, அதே படபடப்பு வந்தது. "அன்றைக்கும் இதுதானே வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. பல மாதமாக யார் சொல்லியும் நம்பாததை அந்த நாற்காலியில் நம்பினேன். பயம் வரும்போது என்ன நினைத்தேன், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று நோட்டில் எழுதி வரச் சொன்னார்.

எழுதிக்கொண்டு போனேன். வேறொருவர் இருந்தார். "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" அடுத்த முறை இன்னொருவர். இதுவரை நான்கு பேரிடம் கதையை முதலிலிருந்து சொல்லியாயிற்று, நோட்டைத்தான் யாரும் திறக்கவில்லை. அதுவும் துணித்திரை கட்டிய ஒரு மூலையில். சாகும் எண்ணம் வருகிறதா என்று என்னிடம் கேட்டபோது, திரைக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்திவிட்டார். "இல்லை" என்றேன். அது முழு உண்மையா என்பதைக் கதவுள்ள அறையில் சொல்கிறேன்.

நாங்கள் ஆறுதலுக்காக வரவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய, எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழக்கும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை (சிபிடி) பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுக்குள் முடிகிற வேலை. மிதமான மனச்சோர்வில் அது மாத்திரைக்கு ஈடாகப் பலன் தருகிறது, முடிந்த பிறகும் பலன் நிற்கிறது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, பலருக்கு இரண்டும் தேவைப்படும். ஆனால் மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தாலும் வேலை செய்யும், பேச்சு அப்படியல்ல. வேண்டாத எண்ணம் விடாமல் துரத்துவதால் கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடி நோயாளியை அழுக்கைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்குகிறார்கள். முதலில் பயம் ஏறும், பிறகுதான் இறங்கும். ஏறும் நேரத்தில் "15 நிமிடம் முடிந்தது" என்று எழுப்பி அனுப்பினால் அவர் வீட்டுக்கு எதைக் கற்றுக்கொண்டு போவார்?

ஆள் இல்லை என்பீர்கள். ஜிம்பாப்வேயிலும் ஆள் இல்லை. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்குள்ள பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து மர பெஞ்சில் உட்காரவைத்தார். ஆறு அமர்வு பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்ததை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம்மிடம் படித்த ஆலோசகர்களே இருக்கிறார்கள், ஆனால் நோயாளிகளை அவர்களிடையே பந்து போல உருட்டிவிடுகிறோம்.

ஆனால் சுவரொட்டிக்கு மட்டும் குறைவில்லை. உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் மேடை, பலூன், உறுதிமொழி எல்லாம் உண்டு. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று நடைவழி முழுக்க ஒட்டியிருக்கிறீர்கள். பேசுகிறோம் ஐயா, யாரிடம், எங்கே என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. ஆரம்பித்தவரே முடியும்வரை பார்க்கட்டும். மூடும் கதவு ஒன்று, ஒருவருக்கு முக்கால் மணி நேரம். எல்லா நாளும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது இப்படி நடத்திப் பாருங்கள். அந்த அறிவிப்பை அதுவரை நிறுத்திவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அடுத்த முறை வியாழக்கிழமை. நோட்டைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வரிசையில் இருக்கும் ஒருவர்