தபசு மரத்தின் கீழே நிற்பவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருக்கூத்தில் ஆடுபவர் கலைஞர், பார்ப்பவர் வெறும் பார்வையாளர் என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் அர்ச்சுனன் தவமிருப்பதை ஆடும் ‘அர்ச்சுனன் தபசு’ கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே தபசு மரம் என்ற உயரமான கம்பத்தில் ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். கீழே குழந்தை வரம் கேட்டு மடியேந்தி நிற்பார்கள் பெண்கள். அந்த மடிகள் இல்லையென்றால் அங்கே அர்ச்சுனனே இல்லை, மரமேறிய ஒருவர்தான் இருப்பார். பாரதப் போரின் 18ஆம் நாளைச் சொல்லும் துரியோதனன் படுகளமும் அப்படித்தான். மண்ணில் கிடத்திய துரியோதனனின் பெரிய உருவத்தை ஊரே சூழ்ந்து நிற்கும்போதுதான் அது போர்க்களமாகிறது.

நகரத்து அரங்குகளில் கூத்தை அரை மணி நேரத்துக்குச் சுருக்கி, பார்க்க வந்தவர்களை இருட்டில் நாற்காலிகளில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வம்புக்கு இழுத்தால் பதில் பேச யார் இருக்கிறார்கள்? முகமே தெரியாத கூட்டத்திடம் அவர் என்னதான் பேசுவார், பாவம்.

கூத்து நடத்தும் அமைப்பாளர்கள் தயவுசெய்து தரையில் பாய் விரியுங்கள். எங்கள் மீதும் வெளிச்சம் விழட்டும். ஒரு தடவையாவது விடிய விடிய ஆட விடுங்கள்.

– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்